சீயக்காய் வாசம்

குளிக்கக் கூப்பிட்டாலே பெரியம்மா கையை ஓங்குவார். பெற்ற பிள்ளையைப் பார்த்தே "நீங்க யாரு தம்பி?" என்று கேட்கும் நிலை. ஒரு நாள் அண்ணி ஷாம்பூவை ஒதுக்கிவிட்டு, வடிகஞ்சியில் சீயக்காய்ப் பொடியைக் குழைத்துக் கொண்டுபோனார். மோந்து பார்த்த பெரியம்மா, தானாகவே முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுத்தார். மந்திரமெல்லாம் இல்லை. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் மேலே போகும். வாசனையோ, நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேர்வழியில் போய்விடுகிறது. அதற்காக இதை வைத்தியம் என்று விற்பவர்களை நம்பிவிடாதீர்கள். அல்சைமர் நோயில் மோப்பத் திறனே முன்கூட்டி மங்குவதும் உண்டு. ஒருவருக்கு இதமான மல்லிகை, இன்னொருவருக்குச் சாவு வீட்டை நினைவூட்டலாம். முகம் சுளித்தால் எடுத்துவிட வேண்டியதுதான். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் இவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். விலை உயர்ந்த அரோமா எண்ணெய்ப் புட்டி அவர்களுக்கு எதற்கு? கடுகு தாளிக்கும்போது பெரியவரை அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கறிவேப்பிலையைக் கையில் கொடுத்து உருவச் சொல்லுங்கள். கற்பூரத்தை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள். கற்கண்டு என்று வாயில் போட்டுவிடுவார்கள், அது விஷம்.