பண்ணைக்குப் போனால் முதுகுவலி போகுமா?

"டாக்டர், வேலையை விட்டுட்டு நியூஸிலாந்துல ஒரு ஆர்கானிக் பண்ணைக்குப் போறேன். ஆறு மாசம் இருந்தா இந்த முதுகுவலி, தூக்கமில்லாம தவிக்கிறது எல்லாம் சரியாயிடும்தானே?"

இப்படிக் கேட்டுக்கொண்டு வரும் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். சித்த மருத்துவன் ஆயிற்றே, மண், இயற்கை என்று சொன்னதும் தலையாட்டிவிடுவேன் என்று நினைக்கிறார்கள். நான் ஆட்டுவதில்லை. 'உழைக்கப் போறேன், கத்துக்கப் போறேன்' என்றால் சந்தோஷமாக அனுப்பி வைப்பேன். வைத்தியத்துக்காகப் போகிறேன் என்றால் வேண்டாம் தம்பி.

இந்த வழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று பாருங்கள். லண்டனில் செகரட்டரியாக வேலை பார்த்த சூ கோப்பார்ட் என்ற பெண்மணிக்குக் கிராமத்துக் காற்றின் மேல் ஏக்கம். 1971-ல் சஸெக்ஸ் பகுதியில் எமர்சன் கல்லூரியின் பண்ணையில் வார இறுதியில் வேலை செய்ய ஏற்பாடு செய்துகொண்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு போனார். இன்று பல நாடுகளில் 'வூஃப்' என்று அழைக்கப்படும் அமைப்பு அப்படிப் பிறந்ததுதான். அதன் முதல் பெயருக்கு அர்த்தமே 'இயற்கைப் பண்ணையில் உழைக்கும் வார இறுதிகள்'. இரண்டு நாள் மண்வெட்டி, திங்கட்கிழமை ஆபீஸ்! மருந்துக்கு அளவு பார்த்தே பழகிய எனக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கிறது. நம் பிள்ளைகளோ எடுத்த எடுப்பில் ஆறு மாதம் என்கிறார்கள்.

அங்கே பொதுவாக ஒரு நாளைக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் வேலை. பதிலுக்குச் சாப்பாடு, படுக்க இடம். சம்பளம் கிடையாது. என்ன வேலை? களைக்கொல்லி அடிக்காத தோட்டத்தில் களை என்ன செய்யும்? தாராளமாக முளைக்கும். அதைக் குனிந்து பிடுங்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நீங்கள். 'ஆர்கானிக்னா உடம்புக்கு நல்லதுதானே' என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். சாப்பிடுகிற உடம்புக்குச் சரி. பயிரிடுகிற உடம்புக்கு அது கூடுதல் உழைப்பு. ஏழெட்டு வருஷம் நாற்காலியில் கிடந்த இடுப்பு, முதல் வாரத்திலேயே மக்கிரி மக்கிரியாக உரம் தூக்கினால் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

எங்கள் நூல்கள் ஐந்து நிலங்களுக்கும் நோய்க்கணக்கு சொல்லும்போது மருதத்தை, அதாவது வயல் சார்ந்த நிலத்தை, நோய் அண்டாத இடம் என்று சிறப்பித்திருக்கின்றன. அது அந்த நிலத்திலேயே பிறந்து பழகிய உடம்பை வைத்துச் சொன்னது என்பது என் அபிப்பிராயம்.

எனவே கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே தினமும் ஒரு மணி நேரம் நடங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழப் பழகுங்கள். தெரிந்தவர் தோட்டம் பக்கத்தில் இருந்தால் பத்து நாள் களையெடுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே ஆசை தீர்ந்துவிடும், டிக்கெட் பணம் மிச்சம்!

டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று பாருங்கள். (சித்த வைத்தியர் ஊசி போடச் சொல்கிறாரே என்று சிரிக்காதீர்கள்.) நியூஸிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மக்கு உரத்திலும் தொட்டி மண்ணிலும் லீஜியோனெல்லா என்ற ஒரு வகைக் கிருமி இருக்கலாம். தூசியோடு மூச்சில் போனால் கடுமையான நிமோனியா வரும். உர மூட்டையை முகத்துக்கு நேரே பிரிக்கக் கூடாது. லேசாக நனைத்து, முகமூடி கட்டிக்கொண்டு கிளறுங்கள், பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பூசணம் பிடித்த வைக்கோல் பக்கமே போகாதீர்கள். இங்கிலாந்துப் புல்வெளிகளில் உண்ணி கடித்து, சில நாளிலோ வாரங்களிலோ அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு படர்ந்தால் அது லைம் நோயாக இருக்கலாம். பச்சிலை தேடாமல் அங்குள்ள டாக்டரிடம் ஓடுங்கள்.

நான் மிகவும் பயப்படுவது வேறொன்றுக்கு. தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், 'இனிமே இயற்கையா வாழப் போறேன், கெமிக்கல் எதுக்கு' என்று மாத்திரையை நிறுத்திவிட்டு விமானம் ஏறினாள். நாலு மாதத்தில் முகமும் காலும் வீங்கி, அழுதுகொண்டே திரும்பி வந்தாள். சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு என்று எதற்கு மருந்து எடுத்தாலும் சரி, பண்ணைக்குப் போவதை அதை நிறுத்துவதற்கு ஒரு சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு மருந்து எழுதியவரிடமே கேளுங்கள். மனம் உடைந்திருக்கும் சமயத்தில், முன்பின் தெரியாதவர் வீட்டில், குளிரில், பேச்சுத்துணை இல்லாமல் போய்த் தங்குவது நல்லதல்ல என்பேன்.

விசா விஷயமும் முக்கியம். சாப்பாட்டுக்கும் தங்கவும் செய்வதைக்கூட நியூஸிலாந்து அரசு வேலை என்றே கருதுகிறது. அதனால் சுற்றுலா விசாவில் போய்க் களை பிடுங்க முடியாது. சம்பளமில்லாத பண்ணை வேலையைக் காட்டி இரண்டாம் வருட விடுமுறை-வேலை விசா வாங்கும் வழியை ஆஸ்திரேலியா 2015 டிசம்பரிலேயே மூடிவிட்டது. உழைப்பைச் சுரண்டுகிறார்கள் என்ற புகார்கள்தான் காரணம். உடல்நலக் காப்பீடு இல்லாமல் வாசற்படி தாண்டாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், அம்மாக்களுக்கு. பையன் பெட்டியில் பருப்புப் பொடி, சுக்குப்பொடி, நான் கொடுத்த சூரணம் என்று எதை வைத்தாலும் நியூஸிலாந்து விமான நிலையத்தில் படிவத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். தோட்டத்தில் போட்டுப் பழகிய ஷூவிலிருந்து மண்ணைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி வையுங்கள். நம்மூர் மண்ணை அவர்கள் உள்ளே விடுவதில்லை.