வளைவுத் தையலில் சுருக்கு விழாமலிருக்க...

ரவிக்கை தைக்கத் தெரிந்த சகோதரிகளுக்கு வளைவுத் தையல் புதிதல்ல. கைக்குழியில் கையை வைத்துத் தைத்து, திருப்பிப் பார்த்தால் தோளில் சுருக்கு விழுந்திருக்க, "அடடா!" என்று பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்காதவர் நம்மில் யார்? அதே தொல்லைதான் குவில்டிலும். ரவிக்கையில் இரண்டு கைக்குழியோடு போயிற்று. குவில்டில் எட்டு வளைவு, பதினாறு வளைவு என்று வரும்!

இதை நான் கற்றுக்கொண்டது 2019-ல், மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்சி போயிருந்தபோது. வெளியே தலைகாட்ட முடியாத குளிர். குழந்தை பிறக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது. "சும்மா உட்கார்ந்து கவலைப்படாதேம்மா" என்று சொல்லி, ஊர் நூலகத்தில் பெண்கள் கூடித் தைக்கும் இடத்தில் என்னைக் கொண்டு விட்டாள் மகள். என் கைப்பையில் அம்மா உடுத்தி நைந்துபோன மதுரைச் சுங்குடிப் புடவையின் தலைப்பு இருந்தது. உடல்பகுதி கந்தலாகிவிட்டது. தலைப்பு ஒன்றுதான் மிச்சம். பிறக்கப் போகும் குழந்தைக்கு அதில் ஏதாவது தைக்கவேண்டும் என்று ஆசை.

அங்கே ஒரு பெரியவர் தைத்துக்கொண்டிருந்த மாதிரி என் கண்ணைப் பறித்தது. மூலையில் கால்வட்டம், அதைச் சுற்றிக் கதிர்கள் போன்ற முக்கோணங்கள். நான்கைச் சேர்த்தால் முழுச் சூரியன்! 'நியூயார்க் பியூட்டி' என்று பெயராம். அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டிலேயே தைத்துக்கொண்டிருந்த பழைய மாதிரி. குவில்டுக்குள் வைக்கும் பஞ்சை விற்ற 'மவுண்டன் மிஸ்ட்' 1930-ல் இதை அச்சிட்டபோதுதான் இந்தப் பெயர் வந்தது.

இந்தக் கதிர்களைக் காகிதத்தின்மேல் தைக்கிறார்கள். மெல்லிய வெள்ளைக் காகிதத்தில் படத்தை வரைந்து, துணியைக் காகிதத்தின் மறுபக்கம் வைத்து, கோட்டின்மேலேயே மெஷினை ஓட்ட வேண்டும். பிறகு துணியைப் புரட்டி மடித்து, மிச்சத்தை வெட்டி, அடுத்த துண்டு. அங்குலத்துக்கு 16, 18 தையல் விழும்படி நெருக்கமாகத் தைத்தால் பிற்பாடு காகிதம் சுலபமாகக் கிழிந்து வரும். செய்தித்தாள் வேண்டாம், மை துணியில் ஒட்டும்.

நேர்கோடு இருக்கும்வரை எல்லாம் சுகம். துணியைக் கோட்டின்மேல் புரட்டி மடிக்க வேண்டும் அல்லவா? வளைந்த கோட்டில் அது மடியாது. ஆகையால் கதிர்ப் பட்டையை மட்டும் காகிதத்தில் தைத்துவிட்டு, உள்ளே கால்வட்டத்தையும் வெளியே மூலைத்துணியையும் தனியே வெட்டி, நாமே வளைத்து இணைக்க வேண்டும். சுருக்கு விழும் இடம் அதுதான்.

ஏன் விழுகிறது? 3 அங்குல ஆரமுள்ள கால்வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் கோடு இரண்டு துணியிலும் ஒரே நீளம், சுமார் 4¾ அங்குலம். ஆனால் தையலுக்கு விட்ட கால் அங்குல ஓரம், குவிந்த துண்டில் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. குழிந்த துண்டில் உள்ளே இருக்கிறது. எனவே வெட்டிய விளிம்பு ஒன்றில் சுமார் 5 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், மற்றதில் 4¼-க்கு மேல் கொஞ்சம். கிட்டத்தட்ட முக்கால் அங்குல வித்தியாசம். கால்வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த முக்கால் அங்குலம் மாறுவதில்லை. அதனால்தான் பெரிய வளைவு சமர்த்தாக உட்காருகிறது, சின்ன வளைவு அடம் பிடிக்கிறது. ரவிக்கை ஞாபகத்தில் ஓரத்தை அரை அங்குலமாக விட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகிவிடும், ஜாக்கிரதை!

இது தெரியாமல் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். தலைப்பில் நல்ல துணியாக நான்கு கால்வட்டத்துக்குத்தான் இடம். முதல் துண்டை விளிம்போடு விளிம்பு வைத்து இழுத்துப் பிடித்து ஓட்டினேன். நடுவில் மூன்று கொசுவம்! பிரித்தேன். மறுபடி இழுத்தேன். இரண்டாவது தடவை பிரிக்கும்போது துணி நூல் நூலாக வந்துவிட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அம்மாவின் புடவையைக் கடையில் போய் வாங்க முடியுமா, என்ன?

மறுநாள் அந்தப் பெரியவர் என் மெஷினை மூடி வைத்துவிட்டு, முதலில் துணியைக் கவனி என்றார். கால்வட்டத்தின் இரண்டு நேர் விளிம்பும் இழை ஓட்டத்தில் இருந்தாலும், வளைவின் நடுப்பகுதி கிராஸாக வருகிறது. கிராஸ் துணி இழுத்தால் நீளும். அதற்கு நம் வீட்டு வைத்தியமே போதும். நீர்க்கக் கரைத்த சோற்றுக்கஞ்சியில் துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். சுங்குடி அட்டை மாதிரி நின்றது.

அப்புறம் இரண்டு துண்டையும் பாதியாக மடித்து நடுவில் அடையாளம் செய்து, நடுவோடு நடு ஒரு குண்டூசி, இரு முனைகளிலும் ஒவ்வொன்று. குழிந்த துண்டின் ஓரத்தில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் கத்தரி நுனியால் சின்ன வெட்டு. ஓரத்தில் பாதி ஆழம் போதும், தையல் கோட்டைத் தொடவே கூடாது. இந்த வெட்டுக்கள் விரிந்துகொடுப்பதால்தான் குட்டை விளிம்பு நீள விளிம்போடு சேருகிறது. ஓரத்தின்மேல் உள்ள காகிதத்தையும் சேர்த்தே வெட்டுங்கள்.

மெஷினில் குழிந்த துண்டு எப்போதும் மேலே. உள் வளைவில் கதிர்ப் பட்டைதான் குழிந்தது, ஆகவே காகிதக் கோடு கண்முன்னே இருக்கும், கோட்டைப் பிடித்துக்கொண்டு போகலாம். வெளி வளைவில் மூலைத்துணி மேலே வந்து பட்டை அடியில் போய்விடுகிறது. கதிரின் நுனி கண்ணில் படாது, ஒரு நூல் தள்ளித் தைத்தாலும் கூர் போய் மொண்ணை! அங்கே பலரும் குண்டூசியை நம்பித் தைக்கிறார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. பட்டையின் பக்கத்திலிருந்து, காகிதக் கோட்டிலேயே, ஒவ்வொரு நுனியிலும் ஊசி படும்படி கையால் இழையோட்டிக்கொண்டேன். பிறகு திருப்பி, அந்த இழைமேல் மெஷின் தையல். "இவ்வளவு பொறுமையா!" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் கதிர்கள் எல்லாம் கூராக இருக்கின்றன.

தைக்கும்போது துணியை முன்னாலோ பின்னாலோ இழுக்காதீர்கள். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை ஊசி துணிக்குள் இருக்க நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, மேல்துணியைத் தடவிவிட்டுத் தொடருங்கள். கையால் சுற்றும் பழைய மெஷின் பரணில் இருந்தால் இறக்குங்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை.

வெளி வளைவின் ஓரத்தை மூலைத்துணிப் பக்கம் தள்ளி இஸ்திரி போடுங்கள். உள் வளைவில் பட்டைப் பக்கம் தள்ளினால் கதிர்களின் தையல்கள் சேர்ந்து தடிக்கும். அதனால் கால்வட்டத்தின் பக்கம் தள்ளி, அதன் ஓரத்தில் மட்டும் சிறு முக்கோணங்களாக வெட்டி எடுத்துவிட்டால் திரளாது. பெட்டியை இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். காகிதத்தைக் கடைசியில் கிழியுங்கள். முதல் முறை அருமைத் துணியைத் தொடாமல், பழைய வேட்டியில் இரண்டு வளைவு தைத்துப் பாருங்கள்.

நாசமான நான்காவது கால்வட்டத்துக்கு என்ன செய்தேன் என்கிறீர்களா? தலைப்பின் கரைத் துண்டுகள் இரண்டை ஒட்டி ஒன்றை வெட்டினேன். மூன்று கால்களில் சுங்குடிப் புள்ளி, ஒன்றில் மட்டும் கரைக்கோடு.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும்போது இதைப் போர்த்தாதீர்கள், பக்கத்திலும் போடாதீர்கள். முகத்தை மூடிக்கொண்டால் ஆபத்து என்று மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டலாம். அதற்குமுன் தைக்க எடுத்த குண்டூசிகளை எண்ணிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். நான் இருபது எடுத்தால் இருபதும் திரும்பி வந்த பிறகுதான் விளக்கை அணைப்பேன்.

பேத்தி அதன்மேல்தான் குப்புற விழக் கற்றாள். பேச்சு வந்ததும் அந்தக் கரைக்கோட்டைத்தான் முதலில் விரலால் காட்டி, "இது ஏன் பாட்டி வேற மாதிரி?" என்று கேட்டாள்.