அஞ்சும் முயலும் அடக்கும் கையும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது பிடிவாதக்காரரைக் குறித்து எழுந்த பழமொழி. அப்பழமொழியில் முயலைப் பிடித்தவன் பேசுகிறான்; பிடிபட்ட முயலுக்குப் பேச்சில்லை. நான்கு கால்களும் உடைய அவ்வுயிர், தன் நான்காம் காலை மெய்ப்பிக்க வழியின்றி அவன் கையில் துடித்துக்கொண்டிருக்கிறது.

வளர்ப்பு முயலுக்கு நோய் கண்டு மருந்து புகட்ட வேண்டிய நாளில் பல வீடுகளில் நிகழ்வதும் இதுவே. முயல் உதறுகிறது, கீறுகிறது, நழுவிக் கட்டிலுக்கடியில் ஒளிகிறது. உடனே, “இது பொல்லாத முயல், தொடவே விடாது” என்று தீர்ப்புக் கூறப்படுகிறது. தீர்ப்புக் கூறியவர் பிடித்தவர். தண்டனை பெறுவது பிடிபட்டது.

தீர்ப்புக்குப் பின் நடப்பவை இரண்டு. ஒன்று, வன்மையாக அமுக்கிப் பிடித்து வாயில் மருந்தை ஊற்றுதல். மற்றொன்று, “எவ்வளவோ பார்த்தாயிற்று, இனி ஆவதில்லை” என்று மருந்துப் புட்டியை மூடி வைத்துவிடுதல். முன்னது கொடுமை, பின்னது கைவிரிப்பு. வெவ்வேறாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அச்சம் முயலின் குற்றம் என்னும் எண்ணமே அத்தாய். அச்சம் முயலின் குற்றமன்று, அதன் இயற்கை. அவ்வியற்கையை அறிந்துகொள்ளாமலே மருந்து கொடுக்கப் புகுவதுதான் குற்றம். அக்குற்றம் மனிதருடையது.

தமிழில் முயல் என்னும் ஒரே சொல் இருவேறு விலங்குகளைக் குறித்து நிற்கிறது. தமிழ்நாட்டின் புதர்க்காடுகளில் வாழும் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லிடையே பதுங்கியிருந்து, பகை நெருங்குகையில் திறந்த வெளியில் பாய்ந்தோடும். கடைகளில் விற்கப்படும் வளர்ப்பு முயலோ ஐரோப்பாவின் தென்மேற்கிலுள்ள ஸ்பெயின், போர்த்துகல் நிலங்களைத் தாயகமாகக் கொண்ட குழிமுயலின் வழிவந்தது. அது மண்ணுக்குள் வளை அகழ்ந்து கூட்டமாக வாழும் இனம். நரிக்கும் பருந்துக்கும் காலங்காலமாக இரையான இனம். அதனுடைய உலகில், கால் தரையைவிட்டு எழுந்தது என்றால் உயிர் போயிற்று என்றே பொருள். கோலாலம்பூரின் அடுக்குமாடியில் பிறந்து, பருந்தின் நிழலையே காணாத முயலின் உடம்பிலும் அந்த நடுக்கம் அழியாமல் இருக்கிறது. மேலிருந்து இறங்கி வந்து தூக்கும் கை, அன்புக் கையா பகைக் கையா என்று ஆராய அதற்கு நேரமில்லை. ஆராய்ந்து நின்றிருந்தால் அவ்வினம் இன்றுவரை எஞ்சியிராது.

அடக்கிப் பிடிப்பதே வழி என்போர் முயலின் உடலமைப்பை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பூனையின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு. முயலின் எலும்புக்கூடோ நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான். எலும்பு மெலிது, பின்னங்கால்களின் தசை வலிது. இடுப்புத் தாங்கலின்றித் தூக்கப்பட்ட முயல் அஞ்சி உதைக்குமானால், அந்த உதையின் வேகமே அதன் கீழ் முதுகெலும்பை முறித்துவிடக்கூடும். முறிந்தபின் பின்னங்கால்கள் செயலிழக்கும். கண் நோய்க்குச் சொட்டு மருந்து இடப் போய் முயலை முடமாக்கிவிட்டு, “என்ன உதை உதைத்தது தெரியுமா?” என்று வியப்பதில் யாருக்கு என்ன பயன்?

காதைப் பற்றித் தூக்குவதும் பிடரித் தோலைப் பற்றித் தூக்குவதும் இவ்வகையினவே. அவற்றினும் தீங்கானது, தீங்கென்றே தோன்றாத மற்றொரு பழக்கம். முயலை மல்லாக்கக் கிடத்தினால் அது அசையாது கிடக்கும். அப்பொழுது மருந்து கொடுத்துவிடலாம் என்பர் சிலர். முயல் மயங்கி இன்புற்றுக் கிடப்பதாக அவர்கள் நம்புகின்றனர். ஆன் மெக்பிரைட் என்னும் இங்கிலாந்து நாட்டு ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் 2006ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். அசைவற்றுக் கிடக்கும் முயலிடம் காணப்படுவன அமைதியின் குறிகளல்ல, அச்சத்தின் குறிகளே என்பது அவர்கள் கண்ட முடிவு. பகையின் வாயில் அகப்பட்ட இரை, செத்ததுபோல் கிடந்து தப்பப் பார்க்கும் இறுதி முயற்சி அது. அசையாமையை அமைதி என்று கொள்வது, அடிபட்ட மாணவன் வாய் மூடியிருப்பதைக் கண்டு அவனுக்குப் பாடம் விளங்கிவிட்டது என்று கொள்வதைப் போன்றது.

மல்லாத்திய முயலின் வாயில் நீர்ம மருந்தை ஊற்றுவது இன்னும் இடர் மிக்கது. முயல் மூக்கின் வழியே மூச்சுவிடப் பிறந்த விலங்கு. அதற்கு வாந்தி எடுக்கவும் இயலாது. தலையைப் பின்னே சாய்த்து மருந்தை விரைந்து செலுத்தினால், அது மூச்சுக்குழலுள் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். நோய் தீர்க்க வந்த மருந்தே நோயாகிவிடும். அன்றியும், பேரச்சமும் வலியும் முயலின் குடல் இயக்கத்தைத் தளரச் செய்வன. பன்னிரண்டு மணி நேரம் உணவு உண்ணாத முயல், உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லப்பட வேண்டிய முயல். ஒவ்வொரு வேளை மருந்தும் ஒரு போராகிவிட்டால், மருந்து ஒருபுறம் காக்க, போர் மறுபுறம் கொல்லும்.

இனி, கைவிரிப்போரின் கட்சியைக் காண்போம். “அதனைத் துன்புறுத்த மனமில்லை; ஆகவே மருந்தை நிறுத்திவிட்டோம்” என்பது அவர்கள் கூற்று. இது இரக்கத்தின் ஆடையை அணிந்துவந்த சோம்பல். இரையாகும் விலங்கு தன் நோயை மறைத்து வாழும். நலிந்தது தெரிந்தால் பகை முதலில் அதனைத்தான் பிடிக்கும். ஆதலால், முயல் நோயுற்றிருப்பது வீட்டாருக்குத் தெரியவரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அந்நிலையில் தவறும் ஒவ்வொரு வேளை மருந்தும் உயிரின் கணக்கில் கழிவது. கிருமிக்கொல்லி மருந்தை மருத்துவர் கூறிய நாளுக்கு முன்னே நிறுத்தினால், மெலிந்த கிருமி மாய்ந்து வலிய கிருமி எஞ்சவும் கூடும். முயலின் அச்சத்துக்கு இரங்கி, அதன் நோயை வாழவிடுவது எவ்வகை இரக்கம்?

இவ்விரு சாராருக்கும் நடுவே குறுக்குவழி தேடுவோரும் உளர். நாள் முழுதும் குடிக்கும் நீரில் மருந்தைக் கலந்து வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று அவர்கள் எண்ணுவர். முயல் எவ்வளவு நீர் குடித்தது, எவ்வளவு மருந்து உள்ளே சென்றது என்பதை யார் அறிவார்? நீர் கசந்தால் முயல் நீர் குடிப்பதையே நிறுத்திவிடும். இன்னும் சிலர், கசப்பு மருந்தை முயல் ஏற்காததைக் கண்டு, வீட்டுக் குழந்தைக்கு வாங்கி எஞ்சிய இனிப்பான கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுக்கத் துணிவர். அது அமோக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்தாக இருக்குமானால் முயலின் கதி முடிந்தது எனலாம். வாய்வழிச் சென்ற அம்மருந்து முயலின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சு உண்டாக்கும் கிருமிகளைப் பெருக்கிவிடும். குழந்தையைக் காத்த மருந்து முயலைக் கொல்லும். மருத்துவர் கூறாத மருந்து, மருந்தே அன்று.

அவ்வாறாயின் நேரிய வழி யாது? அது கடினமானது அன்று. பொறுமை வேண்டுவது, அவ்வளவே.

முதற்கண், முயலைத் தூக்கவே வேண்டுவதில்லை. மனிதர் தரைக்கு இறங்கினால் போதும். இந்நாட்டு வீடுகளின் பளிங்குபோன்ற தரையில் முயலின் கால் வழுக்கும். வழுக்கும் முயல் மேலும் அஞ்சும். ஆதலால் வழுக்காத விரிப்பொன்றை விரித்து, மருந்து கொடுப்பவர் முழந்தாளிட்டு அமர்ந்து, முயலின் பின்புறம் தம்மை நோக்கியிருக்கும்படி அதனை இரு தொடைகளுக்கிடையே இருத்திக்கொள்ளலாம். அது பின்வாங்கினாலும் அணைப்புக்குள்தான் வரும். மிகவும் அஞ்சும் முயலை, முகமும் காதும் வெளியே இருக்கத் துவாலையால் சுற்றிக்கொள்ளலாம். முயல் தன் உடல் வெப்பத்தைப் பெரிதும் காதுகளின் வழியே வெளிவிடுவது. இவ்வெப்ப நாட்டில் நெடுநேரம் சுற்றி வைத்தல் ஆகாது.

ஊசி நீக்கிய சிரிஞ்சை நேராக முன்பற்களின் மேல் திணித்தல் தவறு. முயலின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. வாயின் பக்கவாட்டில் அவ்விடைவெளி வழியே சிரிஞ்சின் நுனியைச் செலுத்தி, சிறிது சிறிதாக மருந்தை விட்டு, அது மென்று விழுங்கும்வரை காத்திருத்தல் வேண்டும். தலை இயல்பான நிலையிலேயே இருக்க வேண்டும். முடிந்தவுடன் ஒரு கிள்ளுக் கொத்தமல்லித் தழை கொடுத்து, அதனை அதன் போக்கில் விட்டுவிடலாம். ஓடி ஒளிய ஓர் அட்டைப் பெட்டி எப்போதும் அருகில் இருப்பது நன்று. வளைவாழ் உயிருக்கு அதுவே தாய்வீடு.

இவையனைத்தினும் இன்றியமையாதது, நோய் வருமுன் பழக்குதல். நலமாக உள்ள நாளில், வெறும் சிரிஞ்சின் நுனியில் மசித்த வாழைப்பழத்தைச் சிறிது தடவி நீட்டினால், முயல் தானே வந்து நக்கும். சில நாள் கழித்து அதே சிரிஞ்சில் ஓரிரு துளி நீர். பின்னர், பக்கத்தில் அமர்ந்து நெற்றியை வருடும் கை. அதன்பின் கன்னத்தைத் தொடும் கை. கை என்றால் மருந்து என்று மட்டுமே அறிந்த முயல், கையைக் கண்டால் ஓடாமல் வேறென்ன செய்யும்?

மருத்துவரிடமும் ஒரு கடமை நிலுவையில் உள்ளது. மருந்துச் சீட்டு எழுதி, நாளைக்கு இருவேளை என்று கூறி அனுப்புவது பாதி மருத்துவமே. அம்மருந்தை முயலின் வாயில் எவ்வாறு சேர்ப்பது என்று செய்து காட்டுவது மறுபாதி. வலி தணிக்கும் மெலோக்சிகம் நீர்மம் இனிப்பானது. பல முயல்கள் அதனைத் தாமே நக்கிக் கொள்ளும். என்ரோஃபுளோக்சசின் போன்ற கிருமிக்கொல்லி கசப்பானது. கசப்பை மறைக்கச் சுவை சேர்க்கலாமா, மாத்திரையைப் பொடித்து ஒரு சிறு கரண்டி மசித்த பழத்தில் வைத்து முழுதும் உண்ணும்வரை பார்த்திருக்கலாமா, வாய் மருந்துக்கு மாற்றாக ஊசி உண்டா என்று கேட்பது வளர்ப்பவரின் உரிமை. விளக்குவது மருத்துவரின் கடமை. கேளாமல் வீடு திரும்பிப் பின்னர் முயலைப் பழிப்பது முறையாகாது.

“உறுதியாகப் பிடிக்காமல் எப்படி மருந்து கொடுப்பது?” என்று வினவுவோர் உண்டு. அவ்வினாவில் ஓரளவு உண்மையும் உண்டு. அரைகுறையாகப் பிடிப்பது ஆபத்தானது; கையிலிருந்து துள்ளி விழும் முயலும் எலும்பு முறியும். அஞ்சும் முயலைத் தொடவே கூடாது என்று இங்கு யாரும் வாதிடவில்லை. உறுதி வேறு, வன்மை வேறு. உறுதி முயலின் உடலைத் தாங்குகிறது. வன்மை முயலின் உடலை நசுக்குகிறது. உறுதிக்குப் பயிற்சி வேண்டும். வன்மைக்குப் பயிற்சி வேண்டியதில்லை. அதனால்தான் பலரும் வன்மையையே தேர்ந்துகொள்கின்றனர்.

“சில வெள்ளிக்கு வாங்கிய முயலுக்கு இத்துணைப் பாடா?” என்பது மற்றொரு வினா. விலை கூண்டுக்கு இடப்பட்டது. வலிக்கு விலை இடப்படவில்லை. வளர்ப்பவர் தம் விலங்கை வலி, துன்பம், நோய் ஆகியவற்றினின்று காக்கக் கடமைப்பட்டவர் என்பதை மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. சிங்கப்பூரும் 2014ஆம் ஆண்டில் தன் விலங்குகள், பறவைகள் சட்டத்தைத் திருத்தி, வளர்ப்பவரின் பொறுப்பை வலியுறுத்தியது. சட்டம் கூறுவதற்கு முன்னரே மனச்சான்று கூறியிருக்க வேண்டிய செய்தி இது.

இதில் ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. முயல் என்றதும் குழந்தை அதனை மார்போடு இறுக அணைத்திருக்கும் படமே மனக்கண்ணில் எழுகிறது. அப்படத்தில் குழந்தையின் முகத்தைப் பலரும் பார்க்கின்றனர்; முயலின் கண்ணைப் பார்ப்பவர் சிலரே. அன்பு என்பது இறுகப் பிடிப்பது என்று கற்ற குழந்தை, வளர்ந்த பின்னும் இறுகப் பிடித்தே அன்பு செய்யும். பிடி தளர்ந்தால் சினம் கொள்ளும். தரையில் அமைதியாக அமர்ந்து, முயல் தானாக அருகில் வரும்வரை காத்திருக்கக் கற்ற குழந்தையோ, தன்னினும் எளிய உயிரிடம் எவ்வாறு நடப்பது என்பதையும் சேர்த்தே கற்கிறது.

முயல் என்னும் பெயரும், முயல் என்னும் ஏவலும் தமிழில் ஒரே வடிவின. மாணவரிடம் நாள்தோறும் முயலச் சொல்லும் மொழியைப் பேசுவோர், நோயுற்ற முயலிடத்தில் ஒரே நாளில் சலித்துப்போவது தகுமா? அடக்கும் கை கற்றுக்கொள்ளட்டும். அஞ்சும் முயல் தானே அடங்கும்.