தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்போம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் நம் மாணவர்களில் சிலர், சீனாவில் நடக்கும் வார்கிராஃப்ட் 3 போட்டிகளைத் தவறாமல் பின்தொடர்கிறார்கள். இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அந்தக் கணினி விளையாட்டு வெளிவந்தது 2002-இல். இன்று படிவம் 5-இல் இருக்கும் மாணவர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. போட்டி வர்ணனையோ முழுக்க முழுக்க மாண்டரின் மொழியில். பெற்றோரின் பார்வையில் இது கைப்பேசியோடு வீணாகும் நேரம். பள்ளியிலும் பெரும்பாலும் இதே பேச்சுதான்.

நான் இந்த மலையில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். இப்போது வார இறுதிகளில் தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் போட்டிகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அதனால் இரு தரப்பின் நியாயமும் எனக்குப் புரிகிறது. என் கருத்து இதுதான்: பார்ப்பதில் தவறில்லை. ஆனால், வென்றவருக்குக் கைதட்டுவதோடு நின்றுவிட்டால் நமக்கு அதனால் பயனும் இல்லை. சீன ஆட்டக்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, தோல்விக்குப் பிறகு அவர்கள் செய்யும் வேலையைத்தான்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். வார்கிராஃப்ட் 3-இல் மனிதர், ஓர்க், இரவு எல்ஃப், அன்டெட் என நான்கு இனங்கள் உண்டு. ஆட்டக்காரர் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுத்து, சுரங்கத்தில் தங்கம் எடுத்து, மரம் வெட்டி, கட்டடம் எழுப்பி, படை திரட்டி எதிராளியின் தளத்தை அழிக்க வேண்டும். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சதுரங்கத்தைப் போல ஒருவர் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பதில்லை.

இதில் பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. படையின் உணவுக் கணக்கு 50 வரை இருந்தால், சுரங்கத்திலிருந்து ஒரு தொழிலாளி ஒரு நடைக்குக் கொண்டுவரும் 10 தங்கமும் முழுதாக வரவாகும். 50-ஐத் தாண்டினால் 7 மட்டுமே சேரும். 80-ஐத் தாண்டினால் 4 தான். பெரிய படை வைத்திருப்பவர் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். எப்போது 50-இல் நிற்பது, எப்போது துணிந்து தாண்டுவது என்ற கணக்கில்தான் பல ஆட்டங்கள் முடிவாகின்றன. வேகமான விரல்கள் மட்டும் போதாது.

இந்த விளையாட்டில் சீனாவின் பெயரை உலகறியச் செய்தவர் லி சியாவ்ஃபெங். ஹெனான் மாநிலத்தைச் சேர்ந்தவர். 'ஸ்கை' என்ற பெயரில் ஆடியவர். உலக சைபர் விளையாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று 2005-இல் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்தது. அங்கே தங்கம் வென்ற அவர், 2006-இல் இத்தாலியின் மோன்சா நகரில் மீண்டும் வென்றார். 2007-இல் அமெரிக்காவின் சியாட்டலில் மூன்றாவது முறையும் இறுதி ஆட்டத்துக்கு வந்து, நார்வே நாட்டு ஆட்டக்காரரிடம் தோற்றார். பெய்ஜிங் ஒலிம்பிக் தீபத்தை 2008-இல் ஏந்தி ஓடியவர்களில் அவரும் ஒருவர். மனிதர் இனத்தை ஆடியதால், சீன ரசிகர்கள் அவரை 'ரென் ஹுவாங்', அதாவது மனிதர்களின் பேரரசர் என்றே அழைக்கிறார்கள்.

அதே காலத்தில் தென்கொரியாவின் ஜாங் ஜே-ஹோ, 'மூன்' என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்தார். யாரும் எதிர்பாராத உத்திகளால் அவருக்கு 'ஐந்தாவது இனம்' என்ற பட்டமே கிடைத்தது. ஸ்கை அப்படிப்பட்ட மாயக்காரர் அல்லர். ஒரே திட்டத்தை மீண்டும் மீண்டும் பயின்று, நொடி பிசகாமல் செயல்படுத்துவதுதான் அவருடைய பலம். பிறவித் திறமை குறைவு என்று தன்னைப் பற்றி நினைக்கும் மாணவர்களுக்கு அவருடைய ஆட்டம் நம்பிக்கை தரும்.

அந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு சீனச் சொல் இருக்கிறது: 'ஃபூபான்'. அது கணினிக் காலத்துச் சொல் அன்று. 'வெய்ச்சி' என்னும் பழைய சீனப் பலகை விளையாட்டிலிருந்து வந்தது. வெய்ச்சி ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் உடனே எழுந்து போவதில்லை. காய்களை முதலிலிருந்து மறுபடி அடுக்கி, எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று சேர்ந்து ஆராய்கிறார்கள். பலகையைத் திரும்ப அடுக்குவதுதான் ஃபூபான். லெனோவோ கணினி நிறுவனத்தை நிறுவிய லியு சுவான்ஷி இந்தப் பழக்கத்தைத் தொழில் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார். இன்று சீன மின்விளையாட்டு வர்ணனைகளிலும் அந்தச் சொல் அடிக்கடி காதில் விழும்.

வார்கிராஃப்ட் 3 இதற்கு வசதியான விளையாட்டு. ஆடி முடித்த ஆட்டத்தை ஒரு சிறிய கோப்பாகச் சேமிக்கலாம். அதில் காணொளி இருப்பதில்லை. இரு ஆட்டக்காரர்களும் கொடுத்த கட்டளைகள் மட்டுமே பதிவாகின்றன. அதனால் கோப்பின் அளவு பெரும்பாலும் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. இணையத் தொடர்பு ஒரு வளைவில் கிடைத்து மறு வளைவில் காணாமல்போகும் நம் மலைத் தோட்டங்களில் இது சிறிய உதவி அன்று. சீனாவுக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம் என்பது இன்னொரு வசதி. ஐரோப்பிய காற்பந்துக்குக் கண்விழிப்பதுபோல் இதற்கு நள்ளிரவில் விழித்திருக்க வேண்டியதில்லை.

என்னிடம் படிக்கும் மாணவர் ஒருவர் நண்பரிடம் தோற்ற ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார்: "அவன் கை வேகம் சார், நமக்கெல்லாம் வராது." கோப்பைத் திறந்து இருவரும் பார்த்தோம். அவர் சொன்ன கடைசிச் சண்டை நடந்தது பதினாறாம் நிமிடத்தில். ஆனால் ஒன்பதாம் நிமிடத்திலேயே அவர் படை 50-ஐத் தாண்டியிருந்தது. தாண்டியவர் தாக்கப் போகவுமில்லை, இரண்டாவது சுரங்கம் பிடிக்கவுமில்லை. ஏழு நிமிடங்கள் குறைந்த வருமானத்தில் சும்மா நின்றிருக்கிறார். தோல்வி அங்கே தொடங்கிவிட்டது. கை வேகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அடுத்த வாரம் அதே மாணவரின் கூடுதல் கணித விடைத்தாளை எடுத்தோம். வகையீட்டுக் கேள்வியில் மதிப்பெண் போயிருந்தது. "வகையீடு எனக்குப் புரியவே இல்லை சார்" என்றார். வரி வரியாகப் பார்த்தால், வகையீட்டை அவர் சரியாகவே செய்திருந்தார். அதற்குப் பிறகு வந்த இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும்போதுதான் பிழை. காரணிப்படுத்துதல் படிவம் 2 பாடம். அவர் படிக்க வேண்டியிருந்தது வகையீட்டை அன்று. மூன்றாண்டுக்கு முந்தைய ஒரு பாடத்தை. தோற்ற இடத்துக்கும் தோல்வி தொடங்கிய இடத்துக்கும் உள்ள தூரத்தை, விளையாட்டு அவருக்கு முன்பே காட்டியிருந்தது. அதனால் விடைத்தாளில் அதைப் புரியவைக்க எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

இதில்தான் நம் தோட்டப்புற மாணவர்களின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். எஸ்.பி.எம். முன்னோட்டச் சோதனையில் ஒரு பாடம் போனதும், "நமக்குப் படிப்பு வராது" என்று முடிவுகட்டி, காய்கறித் தோட்டத்திலோ விடுதியிலோ கிடைத்த வேலைக்குப் போன பிள்ளைகளை இந்த மலையில் நான் பார்த்திருக்கிறேன். எந்த வேலையும் தாழ்ந்தது அன்று. ஆனால் விடைத்தாளை ஒருமுறைகூடத் திரும்பப் பார்க்காமல் எடுத்த முடிவு அது. சிவப்பு மையைப் பார்த்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைப்பது, தோற்றதும் கணினியை அணைப்பதற்குச் சமம்.

போட்டிகளைப் பின்தொடர்வதில் இன்னொரு பயனும் உண்டு. அது மொழி. வார்கிராஃப்ட் 3-க்காக ரசிகர்கள் உருவாக்கிய ஒரு வரைபடத்திலிருந்துதான் டோட்டா விளையாட்டு பிறந்தது. அதன் தொடர்ச்சியான டோட்டா 2-இன் உலகப் போட்டியில், 2012-இல் சீனாவின் இன்விக்டஸ் கேமிங் குழு பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசை வென்றது. அந்தக் குழுவில் 'சுவான்' என்ற பெயரில் ஆடிய வோங் ஹோக் சுவான் மலேசியர். பிறகு 2018-லும் 2021-லும் இரண்டாம் இடம் பெற்ற பிஎஸ்ஜி எல்ஜிடி என்ற சீனக் குழுவிலும் மலேசிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். திறமையோடு மாண்டரின் மொழியும் கைவசம் இருந்தது அவர்களுக்குப் பெரும் துணையாக அமைந்தது. பிரிஞ்சாங்கிலும் கம்போங் ராஜாவிலும் சீனர்களோடு பழகி, பேச்சு வழக்கில் கொஞ்சம் சீனம் தெரிந்த தமிழ் மாணவர்கள் நம்மிடையே உண்டு. வர்ணனையிலிருந்து நாளைக்கு ஐந்து சொல் குறித்துவைத்தால் ஓராண்டில் எவ்வளவு சேரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விளையாட்டில் வேலை கிடைக்காவிட்டாலும், வணிகத்திலும் சுற்றுலாத் துறையிலும் அந்த மொழி சோறு போடும்.

பெற்றோரின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. சீன அரசே இதில் ஒரே நிலையில் நின்றதில்லை. 2003-இல் மின்விளையாட்டை அதிகாரபூர்வ விளையாட்டாக ஏற்றது. மறு ஆண்டே கணினி விளையாட்டு நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியில் காட்டத் தடை விதித்தது. 2016-இல் தொழிற்கல்லூரிப் பாடப்பிரிவுகளில் மின்விளையாட்டைச் சேர்த்தது. 2019-இல் அதை ஒரு தொழிலாகவும் அங்கீகரித்தது. ஆனால் 2021-இல், 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று கட்டுப்படுத்தியது. சாம்பியன்களை உருவாக்கிய நாடே பிள்ளைகளுக்குக் கடிகாரத்தைக் காட்டுகிறது. அந்த அளவுக்குக் கடுமை வேண்டுமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அளவு வேண்டும் என்பதில் விவாதம் இல்லை. நம் வீட்டில் அந்த அளவைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தால், ஒளிந்து பார்க்கும் பழக்கம் தானே குறையும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சதுரங்கத்துக்குப் புறப்பாட நடவடிக்கையில் இடம் இருக்கிறது. அதே நேரத்தில், மாதம் ஒருமுறை, பழுதாகாத ஒரு கணினியையும் ஓர் ஆசிரியரையும் வைத்து, தோற்ற ஆட்டம் ஒன்றை மாணவர்கள் ஆராய்ந்து பேசச் செய்யலாம். தோட்டத்து மண்டபத்திலும் இதைச் செய்யலாம். பேசத் தயங்கும் பிள்ளைகூடத் தனக்குப் பிடித்த ஆட்டம் என்றால் வாய் திறக்கும்.

மாணவர்களே, இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். நீங்கள் தோற்ற ஓர் ஆட்டத்தையோ, மதிப்பெண் குறைந்த ஒரு விடைத்தாளையோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்திலிருந்து, முதல் வரியிலிருந்து பாருங்கள். எந்த இடத்தில் தவறத் தொடங்கியது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். "எனக்கு வராது" என்பது அந்த வாக்கியமாக இருக்கக் கூடாது. அது காரணம் ஆகாது. நிமிடமும் வரி எண்ணும் இருந்தால்தான் அது காரணம்.