பெயர் மாறியதன் நியாயம்



கிறித்தவ ஊழியங்கள் பெயர் மாற்றினால், விளம்பரத்துக்காக என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தொழுநோய் மிஷன் விஷயம் வேறு. அம்பாலாவில் தொழுநோய் கண்டவர்களின் நிலையைப் பார்த்து மனம் வருந்திய அயர்லாந்துக்காரர் வெல்லஸ்லி பெய்லி 1874-இல் தொடங்கிய அமைப்பு அது. நெடுங்காலம் ‘குஷ்டரோகிகளுக்கான மிஷன்’ என்றே பெயர். 1965-இல் ‘தொழுநோய் மிஷன்’ என்று மாற்றினார்கள். டாப்சோன் மருந்து வந்து, நோய் குணமாகத் தொடங்கியிருந்த காலம். குணமானவரையும் ஆயுள் முழுக்க நோயின் பெயரால் அழைப்பது எவ்வளவு பெரிய கொடுமை! நம் நாட்டிலோ, தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற சட்டப்பிரிவே 2019-இல்தான் நீங்கியது. பேச்சில் ‘குஷ்டரோகி’ என்ற அந்தப் பழைய சொல் இன்னும் வசவாக இருக்கிறது. பத்திரிகைகளாவது அதை அறவே கைவிட வேண்டும்.

– ஒரு வாசகி, வேலூர்