பாய்ச்சலும் தானியங்கித் துணையும்

கணினித் திரையிற் போர்விமானம் செலுத்தும் சிமுலேட்டர் விளையாட்டுக்கட்கு உண்மையே உயிர். விமானம் தலைகுப்புற மிகுவேகத்திற் பாயுங்கால், ஒரு பொத்தானை அழுத்திய அளவில் ஆட்டோபைலட் என்னும் தானியங்கிக் கருவி யாதோர் இடருமின்றி அதனை நிமிர்த்திவிடுமாயின், அவ்வுயிர் ஆண்டு நீங்குகின்றது என்பது எம் கருத்து.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானங்கட்கு இத்தகைய துணையே கூடாதென்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. ஜெர்மானியரின் ஸ்டூக்கா எனப்படும் யூ 87 விமானத்தில், குண்டு விடுபட்டவுடன் விமானத்தைத் தானே மேலெழச் செய்யும் பொறி இருந்தது. நிமிருங்கால் குருதி தலையினின்று இறங்க, விமானி நினைவிழத்தல் உண்டு. அவ்வமயம் காப்பதே அதன் தொழில். சிறகின்கீழ் வேகந் தணிக்கும் தடைகளும் அவ்விமானத்துக்கு இருந்தன. இவற்றை உள்ளவாறு காட்டுதல் நேர்மை; எல்லா விமானத்துக்கும் வழங்குதல் பொய்.

அமெரிக்கரின் பி-38 லைட்னிங் விமானத்தை நோக்குக. ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு 68 பங்களவில் அது பாயுங்கால், சிறகின்மேற் செல்லும் காற்று ஒலிவேகத்தை எட்டிவிடும். தாங்கும் வன்மை குறையும். மூக்கு மேலும் தாழும். விமானி முழுவலியோடு இழுப்பினும் பயன் சிறிதே. நிமிர்த்துதற்கு உதவும் புதிய அமைப்பொன்றை 1941 நவம்பரிற் சோதித்த ரால்ஃப் விர்டன், விமானத்தின் வால் முறிய, உயிர் துறந்தார். 1944-இல் சிறகின்கீழ்ப் பாய்ச்சல் மடிப்புக்கள் பொருத்திய பின்னரே இவ்விடர் தணிந்தது. மானிடக் கை இயற்றமாட்டாததை, அதே வாற்சுக்கானை அசைக்கும் கருவி எங்ஙனம் இயற்றும்?

எப்-16 விமானத்தில், நிலத்தில் மோதுமுன் தானே நிமிர்த்தும் கணினி 2014 முதல் உண்டு. நினைவிழந்த விமானி ஒருவரை அது காத்த காட்சி 2016-இல் வெளியாயிற்று. அதுவும் அவ்விமானத்தின் ஆற்றலெல்லைக்கு உட்பட்டே தொழில் செய்கின்றது.

‘விளையாட்டுத்தானே’ என்பர் சிலர். திரையில் வீழ்வதால் உயிர் போகாது என்பது மெய்யே. ஆயினும் இளைஞர் பலர் விமானப்போர் வரலாற்றை முதற்கண் அறிவது இத்திரையிலேயாம். எளிதில் நிமிரும் பாய்ச்சலையே கண்டு பழகியவர், மீளமாட்டாது மாண்டாரைத் திறனற்றவரென எண்ணுவர். அஃது இறந்தார்க்கு இழைக்கும் அநீதியன்றோ? ஆதலின், புதிதாகப் பழகுவார்க்கு எளிய துணை இருக்கட்டும். ‘உண்மை’ எனப் பெயரிட்ட நிலையிலோ, கருவி மெய்யாகத் தோற்ற இடத்துத் திரையிலும் தோற்பதாக.