எங்கள் பெயரில் கேட்ட பணம்

எங்கள் இல்லாமையைச் சொல்லி வாங்கிய பணம் எங்களுக்கே இல்லையென்றால், அதை யாருக்காக வாங்கினீர்கள்? இந்தக் கேள்வியை எங்கள் துறைக்குள்ளேயே கேட்டுப் பார்த்துவிட்டேன். முதலில் பதில் வரவில்லை. மறுபடி கேட்டபோது, "வீணா பிரச்சினை பண்ணாதே, அடுத்த மாசம் ஜூரி இருக்கு" என்று, எங்கள் வரைவுகளுக்கு மதிப்பெண் போடும் தேர்வை நினைவூட்டினார்கள். அதனால் இப்போது ஊரறியக் கேட்கிறேன்.

சென்னையில் ஒரு கல்லூரியில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுகலை படிக்கிறேன். பூங்காவில் செடி வைக்கும் படிப்பு என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், ஏரி நிரம்பினால் எங்கே வழியும், கரை மண்ணை எந்த வேர் பிடித்து நிறுத்தும் என்று அறிந்து நிலத்தை வடிவமைக்கிற படிப்பு இது. நான் இதைத் தேடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீடு சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் இருந்தது. 2015 டிசம்பரில் ஆறு வீட்டுக்குள் வந்தது. உடுத்திய துணியோடு வெளியேறினோம். வெள்ளம் வடிந்த பிறகு கரையோரக் குடும்பங்களை நகரின் தெற்கு ஓரத்திலிருக்கும் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

பாடத்திட்டத்தில் ஒரு வெளிநாட்டு ஸ்டடி டூர் உண்டு. எங்கள் பேட்ச்சுக்குச் சிங்கப்பூர். அங்கே பீஷான் - ஆங் மோ கியோ பூங்காவைப் பார்ப்பதுதான் முக்கியம். பூங்காவின் ஓரமாக நேர்கோட்டில் 2.7 கிலோமீட்டர் ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, காலாங் ஆற்றைப் பூங்காவுக்குள்ளேயே வளைந்து நெளிந்து ஓடவிட்டிருக்கிறார்கள். 2012இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. சாதாரண நாளில் பிள்ளைகள் கால் நனைக்கிற அளவுக்கே தண்ணீர் ஓடும். பெருமழை பெய்தால் புல்வெளி முழுவதும் ஆற்றுக்கு இடம் கொடுக்கும். தண்ணீர் ஏறும்போது ஆட்களை வெளியேறச் சொல்ல எச்சரிக்கை ஒலி எழும்பும். உடைத்தெடுத்த கான்கிரீட் பலகைகளைக்கூட வீணாக்காமல் பூங்காவிலேயே ஒரு குன்றாக அடுக்கியிருக்கிறார்கள். ஆறு ஏறி வந்து வீட்டை இழந்தவளுக்கு அந்த இடம் என்னவாக இருக்கும் என்று சொல்லித்தான் புரிய வேண்டுமா?

ஆளுக்குச் சுமார் எழுபத்தைந்தாயிரம் ரூபாய் ஆகும் என்றார் டிராவல்ஸ்காரர். எல்லோராலும் கட்ட முடியாது என்பதால் நிதி திரட்டலாம் என்று துறையே முடிவு செய்தது. வேண்டுகோள் கடிதத்தை ஆசிரியர்களே எழுதினார்கள். "வசதியற்ற மாணவர்களும் இப்பயணத்தில் பங்கேற்க உதவுங்கள்" என்று அதில் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகள், டைல்ஸ் கடைகள், பழைய மாணவர்களின் அலுவலகங்கள் என்று அலைந்தோம். பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிறு காலைகளில் புங்கன், பூவரசு, நொச்சி நாற்றுகளை விற்றோம். மண் கலந்து கவர் நிரப்பியதில் என் நகக்கண்ணில் ஏறிய அழுக்கு வாரக்கணக்கில் போகவில்லை.

ஒரு சேவைச் சங்கக் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனார்கள். "உன் கதையைச் சொல்லும்மா, கேட்டா கொடுப்பாங்க" என்றார் பொறுப்பாசிரியர். சொன்னேன். பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் சேற்றில் ஊறிக் கிடந்ததைச் சொன்னேன். பெரும்பாக்கத்திலிருந்து பழைய பள்ளிக்கே தினமும் பஸ் ஏறிப் போனதைச் சொன்னேன். வீட்டுக்குள்கூட நாங்கள் பேசிக்கொள்ளாத விஷயங்கள் அவை. கூட்டம் கைதட்டியது. காசோலை கைக்கு வந்தது. அன்று கிடைத்ததுதான் மொத்த வசூலிலேயே பெரிய தொகை.

அடுத்து வந்தது அறிவிப்பு. முன்பணம் இருபதாயிரத்தை மூன்று நாளில் கட்டுகிறவர்கள் பெயர்தான் பட்டியலில் ஏறும் என்றார்கள். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மாவின் தோடு ஏற்கெனவே என் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகில் இருக்கிறது. மாதம் பிறக்கும்வரை அவகாசம் கேட்டேன், முடியாது என்றார்கள். "வசூலான பணத்தில் என் பங்கை முன்பணமாக எடுத்துக்கொள்ளுங்கள் சார்" என்று கெஞ்சினேன். "அதையெல்லாம் கடைசியில்தான் கழிப்போம்" என்று முடித்துவிட்டார்கள். நான்கு பேர் பெயர் விடுபட்டது. நான்கு பேருமே கையில் காசில்லாதவர்கள்.

கடைசியில் கழித்தார்கள்தான். வசூலான மொத்தத்தையும் போனவர்கள் தலைக்குச் சமமாகப் பிரித்தார்கள். நாங்கள் போகாததால் அவர்களுக்குச் செலவு இன்னும் குறைந்தது! வசதியற்றவர்களுக்கென்று கேட்டு வாங்கிய பணம், வசதியுள்ளவர்களின் டிக்கெட்டுக்குத் தள்ளுபடியாகப் போய்விட்டது. போன பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. கணக்குப் போட்டது அவர்கள் அல்ல. ஆனால் கணக்குப் போட்ட பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம்கூடவா தெரியாமல் போனது?

வயிறெரிகிற விஷயம் இன்னொன்று உண்டு. டூர் அறிக்கைக்கு ஸ்டுடியோ என்ற வடிவமைப்புப் பாடத்தில் மதிப்பெண் உண்டு. போகாதவர்கள் இணையத்தில் பார்த்து எழுதச் சொன்னார்கள். இரவெல்லாம் விழித்து, காலாங் ஆற்றின் குறுக்குவெட்டுத் தோற்றங்களைக் கையால் வரைந்து கொடுத்தேன். "கள அனுபவம் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். களத்துக்குப் போகவிடாமல் தடுத்த கையேதான் அதையும் எழுதியது.

"உன் வீட்டுப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை இருக்கு, அதைப் பார்த்து எழுத வேண்டியதுதானே" என்று ஒருவர் புத்தி சொன்னார். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்று வகுப்பில் படிப்பதற்கு முன்பே, அந்தத் தண்ணீர் எந்த மழைக்கு எங்கள் தெருவரை வரும் என்று எனக்குத் தெரியும். தண்ணீரால் பட்டதை நான் வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது. தண்ணீரோடு ஒத்துப்போய் வாழும் ஊரைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன். அதைப் பார்க்காமலே இந்த ஊர் ஆற்றுக்கு நான் என்ன வரைவேன்?

போன வாரம் ஒரு நர்சரிக்கு ஸ்டுடியோ வேலையாகப் போயிருந்தேன். நூறு நாற்றுகளுக்குக் காசே வாங்காமல் கொடுத்த பெரியவர் அங்கே இருந்தார். "என்னம்மா, சிங்கப்பூர் எப்படி இருந்துச்சு?" என்றார். "நல்லா இருந்துச்சுய்யா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்த்து உண்மை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நன்கொடை வாங்கியவர்கள் சொல்லியிருக்க வேண்டிய உண்மையை விழுங்கிக்கொண்டு, பொய் சொல்லி நிற்கும் அவமானத்தையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

1500 ரூபாய் கட்டி எடுத்த பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட இல்லாமல் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. யாரும் எனக்காக இரக்கப்பட வேண்டாம். வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வசூலான பணத்தில் முதல் உரிமை கட்ட முடியாதவர்களுக்கு என்று விதி எழுதுங்கள். காசிருந்தால்தான் போக முடியும் என்ற பயணத்துக்கு மதிப்பெண் வைக்காதீர்கள். எங்கள் நான்கு பேரின் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுங்கள்.

கொடுத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனதோடு கொடுத்தீர்கள், அதை மறக்க மாட்டேன். ஆனால் காசோலையோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. யார் போனார்கள், யார் விடுபட்டார்கள், நாங்கள் கொடுத்த பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அந்தத் துறைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். நான் கேட்டால் ஜூரியைக் காட்டி மிரட்டுகிறார்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.